முப்பது கணினியிலும் அக்கா

ஜூலை 8, செவ்வாய்

கம்ப்யூட்டர் மிஸ் என்னைக் கூப்பிட்டார். ஒன்பதாம் வகுப்புக்குப் புரோகிராம் எழுதப் பழக்க, லேபில் ஒரு கணினியைத் தயார் செய்யச் சொன்னார். வீட்டிலிருந்தே மெயிலில் போட்டு வைத்திருந்ததை இறக்கி, பைத்தான் மொழியை நிறுவினேன். எழுத்துகளைப் பெரிதாக்கினேன். 'முதல் பாடம்' என்று ஒரு கோப்புறை. ஓட்டிப் பார்த்தேன். திரையில் "வணக்கம்" வந்தது.

"இதை அப்படியே மத்த இருபத்தொன்பதுலயும் காப்பி பண்ணிடுறேன். கெட்டிக்காரிடி நீ," என்றார் மிஸ்.

எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜூலை 9, புதன்

போர்வைக்குள் எழுதுகிறேன்.

அந்த மெயில் அக்காவுடையது. வீட்டில் எல்லோருக்கும் அதுதான். வெளியேற மறந்துவிட்டேன். மறந்ததோடு சேர்த்துத்தான் மிஸ் காப்பி எடுத்திருக்கிறார். இன்று ஒன்பதாம் வகுப்பின் முதல் பாடத்துக்கு உதவப் போனவள், இணையத்தைத் திறந்ததும் பார்த்தேன் — மூலையில் சின்ன வட்டத்துக்குள் அக்கா சிரிக்கிறாள். அடுத்த கணினியிலும். அதற்கடுத்ததிலும். மேப்பைத் தொட்டால் 'வீடு' என்று தெரு, கதவு எண் எல்லாம் காட்டுகிறது.

அக்கா இப்போது இருக்கும் அந்த வீடு அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அத்தான் அக்காவின் கையை உடைத்த பிறகு அவளை ஒளித்துவைத்த இடம். "படியில விழுந்துட்டா" என்று ஆஸ்பத்திரியில் சொன்னாரே, அந்த அத்தான்.

பன்னிரண்டாம் கணினியில் உட்கார்ந்திருந்தவள் அவருடைய தங்கை, குட்டி. அக்காவை "அண்ணி, அண்ணி" என்று சுற்றி வந்தவள். இப்போது என்னோடு பேசக்கூடாதென்று அவள் வீட்டில் உத்தரவு. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பாஸ்வேர்டை மாற்றினேன். முப்பதிலும் அந்த மெயில் மூடியிருக்கும். இனி ஒன்றுமில்லை. ஒன்றுமில்லைதானே?

அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூலை 10, வியாழன்

அக்கா போன். "மெயில் தொறக்க மாட்டேங்குதே, என்னடி பண்ண?" சும்மா மாற்றினேன் என்றேன். "உன்னை நம்பித்தான் என் பொழப்பே ஓடுது," என்று சிரித்தாள்.

ஜூலை 11, வெள்ளி

எல்லோரும் போன பிறகு, பிள்ளைகளின் முதல் புரோகிராம்களைத் திருத்த மிஸ் உட்காரவைத்தார். பெயரை மட்டும் திரையில் வரவைக்க வேண்டும், அவ்வளவுதான் பாடம். ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டே போனேன். பன்னிரண்டில் பெயர் வரவில்லை.

"அண்ணி அங்க இருக்க வேணாம். வீட்ல வாய் தவறி உளறிட்டேன். அண்ணன் வண்டிக்கு பெட்ரோல் போட்டுட்டு வந்திருக்கான்."

மூன்று வரி. மேற்கோள்குறியெல்லாம் சரியாக இருந்தது. புதன்கிழமைதான் கற்றுக்கொண்டாள்.

அழித்துவிட்டு ஓடினேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை, போனை எடுத்தாள். "கட்டின துணியோட கெளம்பு. எங்கன்னு எங்கிட்டகூடச் சொல்லாத."

ஜூலை 13, ஞாயிறு

அக்கா இருந்த இடத்தின் பக்கத்து வீட்டுக்காரர் போனில் பேசினார். நேற்று விடிவதற்கு முன்னால் வண்டியில் ரெண்டு பேர் வந்து தாழ்ப்பாளை உடைத்தார்களாம். உள்ளே யாருமில்லை.

அக்கா எங்கே என்று இப்போது எங்களுக்கும் தெரியாது. அம்மா ரெண்டு நாளைக்குப் பிறகு இன்று சாப்பிட்டாள்.

ஜூலை 14, திங்கள்

பன்னிரண்டில் ஆள் இல்லை.

ஜூலை 16, புதன்

இன்றும் இல்லை. "பன்னிரண்டாம் நம்பர் எங்கப்பா போனா?" என்று மிஸ் கேட்டார். பதினொன்றில் இருந்த பெண், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள். "படியில விழுந்துட்டாளாம் மிஸ். கையில கட்டு."

அத்தான் வீட்டுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். அங்கே படியே கிடையாது.