தீருவின் பாடத்தை நான் வாசித்த விதம்

இன்று ஆலயத்திலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போது பையிலிருந்து நாலைந்து மிளகு தரையில் உருண்டது. அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக வந்த முதல் மிளகு மூட்டையில், சரியாகக் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு பிடி அள்ளியிருந்தேன். திரும்பப் போட மறந்துவிட்டேன் போலிருக்கிறது. ஒன்றை எடுத்துக் கடித்தேன். காரம் நாக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது. ஒரு மிளகைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, அது யாருடைய காட்டு மிளகு என்று சொல்கிறவன் நம் தேவனூர் நாட்டு மலை ஊர்களில் நீ ஒருவன்தான்.

ஆராதனை முடிந்து நடந்த காணிக்கை ஏலத்தில் அந்த மூட்டையைக் கேட்க இன்றைக்கு ஆளே இல்லை. போதகர் மூன்று தரம் கூவிப் பார்த்தார். எல்லோரும் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் சந்தை விலைக்கு நானே எடுத்துக்கொண்டேன். "ஏனுங்க, நம்மூட்டு மொளகே போற எடமில்லாம கெடக்குது, இது எதுக்குங்க?" என்றாள் என் மனைவி.

உன் காலத்தில் அந்த ஏலம் எப்படி நடக்கும்! பலாப்பழம், சேவல், வாழைத்தார் எல்லாம் போகும்வரை நீ வாயைத் திறக்க மாட்டாய். ஜீப் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு நிற்பாய். மிளகு வந்ததும் யாராவது ஒரு விலை சொல்ல, நீ ஒரே தாவலில் இரண்டு மடங்கு சொல்வாய். "நம்ம மொளகு எவன் முன்னாலயும் தலை குனியக் கூடாதுடா" என்பாய். ஜனம் கை தட்டும். யார் யார் தட்டுகிறார்கள் என்று நீ ஒரு சுற்று பார்ப்பாய். நீ பார்ப்பதை நான் பார்ப்பேன்.

ஒரே ஏணியில் ஏறி மிளகு பறித்தவர்கள் நாம். நீ வியாபாரத்துக்குப் போனாய். மலைச் சரக்கை எல்லாம் வாங்கி அடிவாரத்துக்கு அனுப்பினாய். லாரி வைத்தாய், மாடி கட்டினாய். நான் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தில் ஏணியைச் சாய்த்தபடியே நின்றுவிட்டேன். பொறாமையா என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். இன்றைக்குக் கேட்டால், ஆமாம்.

எனக்கென்று இருந்தது குரல் ஒன்றுதான். நான் வேதம் வாசித்தால் கடைசி பெஞ்சுக் குழந்தையும் அழுகையை நிறுத்தும் என்பார்கள். ஒரு வருஷம் நீ ஆலயத்துக்குப் புதுக் கூரை போட்டுக் கொடுத்தாய். வாசலில் உன் பெயரைக் கல்லில் வெட்டி வைக்க வேண்டும் என்றும் கேட்டாய். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் முணுமுணுத்தார்கள், முகத்துக்கு நேரே ஒருவரும் சொல்லவில்லை. பூனைக்கு மணி கட்ட நான்தான் ஆள் என்று எனக்கு நானே பட்டம் கட்டிக்கொண்டேன்.

பண்டிகைப் பாடத்தை வாசிக்கிறவரே தேர்ந்தெடுப்பது நம் ஆலயத்து வழக்கம். நன்றி சொல்லும் சங்கீதம் எதையாவது வாசிப்பதுதான் வாடிக்கை. அந்த வருஷம் நான் தீருவின் பாடத்தை எடுத்தேன். வேதத்தில் வரும் கடலோரத்துப் பட்டணம் தீரு. உலகத்துச் சரக்கெல்லாம் வந்து இறங்கிய இடம். நானே அழகு என்று அது தன்னைச் சொல்லிக்கொண்டது, பிறகு பாரம் ஏற்றிய கப்பலைப் போல நடுக்கடலில் உடைந்துபோனது.

சரக்குப் பட்டியலை வாசிக்க ஆரம்பித்ததும் நீ நிமிர்ந்து உட்கார்ந்தாய். வெள்ளி, ஈயம், தந்தம், குதிரை, கோதுமை, தேன். உன் முகம் மலர்ந்தது. பக்கத்தில் இருந்தவரிடம், "அந்தக் காலத்துலயே என்னென்ன சரக்கு பாருங்க!" என்று சொன்னாயாம். அதைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். வேதத்தில் உன் தொழிலைப் பற்றியும் இவ்வளவு இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்த உன்னைத்தான் நான் குறி பார்த்தேன். கப்பல் உடையும் இடத்தில் நிறுத்தினேன். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி உன்னைப் பார்த்தேன். ஆலயமே திரும்பி உன்னைப் பார்த்தது.

ஆசீர்வாதம் சொல்லும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாய். ஏலத்துக்கு நிற்கவில்லை. அதன்பிறகு ஆலயத்துப் படியை நீ மிதிக்கவே இல்லை.

அவனே வரட்டும் என்று நான் இருந்தேன். அடுத்த வருஷம் நீ இல்லாமல் மிளகு மூட்டை சந்தை விலைக்கே போயிற்று. அந்த வாரம் அடிவாரத்து வியாபாரிகள் சோளக்காட்டுச் சந்தைக்கு வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. முன்பெல்லாம் நம் ஜனம் அவர்களிடம், "கோயில் ஏலத்துலயே எவ்வளவு போச்சு தெரியுமுங்களா?" என்று மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும். இப்போது சொல்ல ஒன்றுமில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தோம். ஊருக்காகத்தான் நீ விலையை ஏற்றினாயா, கைதட்டலுக்காகவா? இரண்டுமாக இருக்கலாம். நீயும் வாங்குகிறவன்தானே, விலை ஏறினால் உனக்கும் நஷ்டம்தானே! அன்றைக்கு எனக்குக் கைதட்டல் மட்டும்தான் தெரிந்தது.

பிறகு உன் மிளகுக் கொடியெல்லாம் வாடல் நோயில் போயிற்று, உன் லாரியும் போயிற்று. நீ படுத்துவிட்டாய் என்று கேள்விப்பட்டு உன் வீட்டு கேட் வரை வந்தேன். தார்ப்பாய் போர்த்திய ஜீப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். நாளைக்கு வரலாம் என்று நினைத்தேன். எத்தனை நாளை!

உன்னை அடக்கம் செய்த அன்று என்னைத்தான் வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன், வெட்கமில்லாத குரல், கணீரென்று வந்தது. முடிந்ததும் உன் மனைவி என்னிடம் வந்தாள். "ஒவ்வொரு பண்டிகைக்கும் நான் கோயிலுக்குப் போயிட்டு வந்தா அவிய கேப்பாங்கண்ணா. இன்னைக்குப் பாடம் அவன்தான வாசிச்சான், நல்லா வாசிச்சானான்னு. உங்களை ஒரு வார்த்தை குறையாச் சொல்லலீங்கண்ணா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த வாரம் தீருவின் பாடத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஆரம்பத்தில் ஒரு சின்ன வசனம் இருக்கிறது. அந்தப் பட்டணத்துக்காகப் புலம்பு என்று கர்த்தர் தீர்க்கதரிசியிடம் சொல்கிறார். பிறகு வருவதெல்லாம் அந்தப் புலம்பல்தான். இழவு வீட்டில் மாரடித்துக்கொண்டு சொல்ல வேண்டியதை நான் பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்வது போல வாசித்திருக்கிறேன். உன்னைக் குறி வைத்த இடத்துக்குச் சீக்கிரம் வந்து சேர வேண்டுமே என்று அன்றைக்கு அந்த வசனத்தை விட்டுவிட்டுத் தொடங்கினேன். தெரிந்தேதான் விட்டேன்.

இன்று சாயங்காலம் அந்த வசனத்திலிருந்து தொடங்கி வாய்விட்டு வாசித்தேன். கேட்க யாருமில்லை. சரக்குப் பட்டியலில் தேன் என்கிற இடத்துக்கு மேல் போக முடியவில்லை. வாயில் மிளகுக் காரம் இன்னும் இருக்கிறது, உன் கேள்வியும் இருக்கிறது. அதற்கு உன் மனைவி வருஷா வருஷம் என்ன பதில் சொன்னாளோ தெரியாது. என் பதில் இதுதான்.

இல்லைடா. நான் நல்லா வாசிக்கல.