சம்பந்தம் பேசிய கருப்பு அறை

போஷான்
திங்கட்கிழமை

அன்புள்ள ஷூவென்னுக்கு, சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் உன் சித்தியும் சளியைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். ஸ்வெட்டர் என்றால் என்னவென்றே மறந்துபோன ஷென்சென்காரி நீயும் நலமாகத்தான் இருப்பாய். நேற்று நீ கூப்பிட்டுக் கூப்பிட்டும் வீடியோவில் யாரும் வராததற்கு உன் சித்தி என்மேல் பழி போட்டிருப்பாள். நடந்ததை நடந்தபடி சொல்ல இந்த வீட்டில் என்னை விட்டால் ஆள் ஏது, அதனால் எழுதுகிறேன்.

துவான் வீட்டார் உன்னைப் பெண் கேட்டு வருகிறார்கள், உன் சித்தி கடையின் பின்னறையிலோ பல் கிட்டும் குளிர். தாய் தகப்பன் இல்லாத பெண்ணை இந்தக் குளிரிலா வளர்த்தார்கள் என்று பையனின் அம்மாள் நினைத்துவிடக் கூடாதே. எங்கள் தொழிற்சாலையில் பீங்கான் நுரைப் பலகை செய்கிறோம் அல்லவா, நான் அங்கே சரக்கு வண்டி ஓட்டுகிறேன் என்றுதான் பேர், பாதி யோசனை என்னுடையது. பீங்கான் குழம்பை நுரைக்க அடித்துக் காயவைத்துச் சுட்டால் ரொட்டி மாதிரி உள்ளெல்லாம் ஓட்டை. கதவளவு பலகையைச் சுண்டுவிரலால் தூக்குவேன். ஒரு பக்கம் நெருப்பைக் காட்டினால் மறுபக்கம் பூனை படுத்துத் தூங்கும். கழித்துப் போட்டதில் வெள்ளையும் இருந்தது, கருப்பும் இருந்தது. சம்பந்தம் பேசும் அறையில் சாவு வீட்டு வெள்ளையா? கருப்பைக் கொண்டுவந்து சுவர், கூரை, கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்து மேலே சிவப்புக் காகிதம் ஒட்டினேன். வெள்ளை சூட்டை மட்டும் தடுக்கும், கருப்பு ராடார் கருவிகளுக்காகக் கரி கலந்து செய்தது, போன் அலையையும் விழுங்கிவிடும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொன்னார்களாம், அப்போது நான் பேசிக்கொண்டிருந்தேனாம்.

அறை எப்படி இருந்தது தெரியுமா, அந்த அம்மாள் கோட்டைக் கழற்றினாள், ஸ்வெட்டரைக் கழற்றினாள், சோயாக் கட்டிக்குள் கறி அடைத்த பெட்டி டோஃபுவை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நீ வீடியோவில் வரவேண்டிய நேரம் வந்தது. எல்லார் போனும் செத்துக் கிடந்தது. "எங்க மூஞ்சியப் பாக்கக்கூட பொண்ணுக்கு நேரமில்ல போலிருக்கு. பெரிய ஊரு, பெரிய வேலை" என்றாள். உன்னைக் காப்பாற்றத்தான், நீ ஒரு நாள் இல்லாவிட்டால் அந்தக் கம்பெனியே படுத்துவிடும் என்று எடுத்துவிட்டேன். அந்த உதவிக்கு உன் சித்தி மேசைக்கு அடியில் கொடுத்த உதை இன்னும் வலிக்கிறது.

அந்தப் பையன் ஹாவ் போனை எடுத்துக்கொண்டு வெளியே பனியில் போய் நின்றான். வெகுநேரம் கழித்து முள்ளங்கி மாதிரி சிவந்த காதோடு வந்து, "அம்மா, அவ அப்ப புடிச்சு கூப்டுட்டேதான் இருக்கா. இந்த ரூமுக்குள்ளதான் எதுவும் வரல. கோவிச்சுக்கணும்னா மாமாவக் கோவிச்சுக்கோங்க" என்றான். இன்னும் மாப்பிள்ளையே ஆகவில்லை, அதற்குள் காட்டிக்கொடுக்கிறான். ஆனாலும் கோட்டுப் போடாமலே போய் நின்றான், அதை மனதில் வைத்துக்கொள்.

அந்த அம்மாள் உள்ளங்கையால் சுவரைத் தடவி, "இதுல மிச்சம் இருக்கா? என் ரூமும் ஐஸ்பெட்டி மாதிரிதான் இருக்கு" என்றாள். வரும் ஞாயிறு அவளே உன்னைக் கூப்பிடுவாளாம். அத்தை என்று வாய் நிறையக் கூப்பிட்டுப் பேசு. என் வேலையைப் பற்றிக் கேட்டால் இன்ஜினியர் என்று சொல்.

நீயும் அவனும் நூறு வருஷம் நன்றாக இருங்கள். பலகை இரண்டு நிறத்திலும் மிச்சம் இருக்கிறது. கருப்பைக் கொடுத்தால் மாமியார் போன் உனக்கு ஆயுசுக்கும் வராது. ஞாயிற்றுக்கிழமை பேசிப் பார்த்துவிட்டு, எதைக் கொடுக்கட்டும் என்று மறக்காமல் எழுது.

உன் சித்தப்பா,
மெங் குவாங்ஃபூ