கம்சாவின்ர பாரமில்லாத வில்லு

கம்சா,

வேலைக்குப் போறன். புட்டு அடுப்பில இருக்கு, கத்தரிக்காய்க் குழம்பைச் சூடாக்கிச் சாப்பிடும். பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுச் சந்திரகாந்தி அக்கா உம்மட வில்லைப் பார்க்க வருவா. அம்பில்லாமல் நாணை இழுத்து விடவேண்டாம் எண்டு சொல்லும், வில்லு உடைஞ்சுபோகும்.

நேற்றுக் கடையில நீர் கப்பி பூட்டின அந்த மெல்லிய கொம்பவுண்ட் வில்லை எடுக்கேக்க, "இதால மானுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டலாம்" எண்டு கடைக்காரனுக்கு முன்னால சொல்லிப்போட்டன். ட்ராமில வரேக்க நீர் வேற சீற்றில போய் இருந்தனீர்.

விடிய எழும்பி, நீர் கடையில செய்து காட்டின மாதிரியே, குசினிக் கதிரையில இருந்து காலைத் தூக்கிக்கொண்டு, நான் எனக்கு வாங்கின, இழுக்க எழுபது இறாத்தல் பலம் வேண்டிய வில்லை இழுத்துப் பார்த்தன். நாண் பாதிக்குமேல வரேல்லை, வில்லு முகட்டைப் பார்த்துது. பிறகு உம்மடையை இழுத்தன். சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்துது. ஒரு நிமிசம் பிடிச்சிருந்தன், அசையேல்லை.

இஞ்சை வில்லால வேட்டையாட விடாங்கள். டென்மார்க்குக்குப் போய், மான் திரும்புமட்டும் இழுத்த நாணோட நிக்கவேணும். அதை யோசிச்சுத்தான் நீர் பத்து வில்லைத் தூக்கிப் பார்த்து இதை எடுத்தனீர். நான் பார்த்தது இலக்கத்தை மட்டும்தான். உம்மட கெட்டித்தனம் எனக்கு வராது.

சனிக்கிழமை என்ரையை மாத்தக் கடையில டெர்மீன் எடுத்து நேரம் குறிச்சிருக்கிறன். நீரும் வாரும். அந்தக் கடைக்காரனுக்கு முன்னாலயே மன்னிப்புக் கேக்கிறன்.

கிருஷாந்

இதைக் குசினிக் கதவில ஒட்டினதுக்குக் காரணம் இருக்கு. உள்ள செருப்போட போம். வில்லு முகட்டைப் பார்த்ததோட நிக்கேல்லை, லைட்டையும் உடைச்சுப்போட்டுது.