சந்தியின் நடுவில் நின்ற பிள்ளைகள்

என்னோடு கடைசிவரை ஒத்துப்போகாத என் அருமைச் சாந்தினி அக்கா,

உன் ஆண்டுத் திவசத்துக்கு நினைவு மலர் அடிக்கிறார்கள். தேவாரமும் உன் படமும் குடும்பத்தார் பெயரும் போதும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இந்த வாசுகியை எழுத விட்டால் செத்த மனுசியோடும் சண்டை பிடிப்பாள் என்று உன் மனுசன், என் அத்தானுக்குப் பயம். அவர் பயந்ததில் பிழையில்லை. உனக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று செப்டெம்பரிலிருந்து என் நெஞ்சுக்குள் கிடந்து குதிக்கிறது. அதைத் தேவாரத்துக்குப் பக்கத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும்?

மலரை வாசிக்கப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு உன்னை ட்ராம் ஓட்டின சாந்தினியாகத்தான் தெரியும். கிழமை நாட்களில் லண்டன் குரோய்டனில் ட்ராம் ஓட்டினாய். சனி ஞாயிறில் ஒரு ட்ரம் கோருக்கு ஷோ எழுதினாய். அது என்ன சாமான் என்று கேட்பவர்களுக்கு நீ சொல்லும் பதிலையே நானும் சொல்லிவிடுகிறேன். பித்தளைக் குழல்கள், ட்ரம்கள், கொடிகள், இவ்வளவையும் தூக்கிக்கொண்டு மைதானத்தில் ஓடி ஓடி வாசிக்கும் கூட்டம் அது. யார் எந்த நேரம் எங்கே நிற்க வேண்டும் என்று கணினியில் புள்ளி புள்ளியாகக் கீறுவது உன் வேலை. மேலேயிருந்து பார்த்தால் அந்தப் புள்ளிகள் வளையமாகும், வளையம் உடைந்து கோடாகும். கோயிலில் ஒரு மாமி, "ஓ, கோலம் மாதிரி" என்றதற்கு, "கோலம் ஓடுமோ மாமி?" என்று கேட்டாயே. பாவம், அந்த மனுசி அதற்குப் பிறகு உன்னோடு கதைக்கவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹவுன்ஸ்லோவிலிருந்து நான் கோலியர்ஸ் வுட்டுக்கு வந்தால், சாப்பிட்டு முடிந்ததும் உன் வீட்டு டிவியில் அமெரிக்க வீடியோக்கள்தான் ஓடும். உனக்கு ட்ரம் கோர். எனக்கு அங்கத்தைய உயர்பள்ளிப் பாண்டுகள். கோரில் ஆட்களைத் தெரிவு செய்துதான் எடுப்பார்கள். எடுபட்டவர்கள் கோடை முழுக்க பஸ்ஸில் ஊர் ஊராகப் போய், பள்ளிக்கூட மண்டபத் தரையில் படுத்தெழும்பி, பகல் முழுக்கப் பழகுவார்கள். அதனால் எழுதுகிறவர் கைக்கு எட்டாத உயரத்தில் ஷோவைக் கட்டி வைக்கலாம், கோடை முடிவதற்குள் பிள்ளைகள் எட்டிப் பிடித்துவிடுவார்கள். பள்ளியில் அப்படியா? சோதனை, வீட்டுப்பாடம், நேற்றுத்தான் கிளாரினெட்டைக் கையில் தூக்கிய பிள்ளை. வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் இடம் கொடுக்க வேண்டும். ஏலாத பிள்ளைக்கு ஏலாது என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரியாதபடி எழுத வேண்டும். அதுதான் கெட்டித்தனம் என்று நான் சொல்லுவேன்.

"உது ஒளிச்சுப் பிடிச்சு விளையாட்டு," என்பாய் நீ. "பெரிய பெரிய தட்டியளும் சீலையளும் வச்சுப் பிள்ளையளை மறைக்கிறாங்கள். கோரில ஒளிக்க இடமில்லை."

"ஒளிக்க இடமில்லாத வீட்டில ஆர் வந்து இருப்பினம்?" என்று நான் கத்துவேன். ஒரே ஆட்களே கோடையில் கோருக்கும் பிறகு பள்ளிகளுக்கும் எழுதுகிறார்கள் என்பதை எடுத்துக்காட்டி இரண்டு பேரும் இரண்டு விதமாக வாதாடுவோம். உன் மகள் ஆரணி டிவிச் சத்தத்தைக் கூட்டிவிடுவாள்.

அதற்குப் பிறகு நீ வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் விழுந்தாய். உன் கடைசி ஷோவுக்குச் 'சந்தி' என்று பெயர் வைத்தாய். மைதானத்தின் நாலு மூலையிலிருந்தும் நாலு வரிசை, குழலை உயர்த்தி வாசித்தபடி ஓடிவந்து, நடுவில் ஒன்றையொன்று ஊடறுத்துப் போகும். ஈஸ்ட் குரோய்டனில் நீ நாள்தோறும் பார்த்த ட்ராம் சந்திதான் அது. ஒருவர் ஒரு அடி பிந்தினாலும் மோதல். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மடிக்கணினியை வயிற்றில் வைத்துக்கொண்டு அதைக் கீறி முடித்தாய். நான் உன் கையைப் பிடித்து, "இதில ஒரு புள்ளியைக்கூட ஒருத்தரையும் மாத்த விடமாட்டன் அக்கா, சத்தியம்," என்றேன். நீ ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "விசரி" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய். அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றத்தான் நான் போன வருடம் முழுக்கப் பேயாக ஆடினேன்.

ஏப்ரலில் கோரில் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். சிலர் யூனிவர்சிட்டிக்குப் போனார்கள், சிலருக்கு வேலை. நீ இல்லாத மைதானத்துக்கு வர மனம் வராதவர்களும் இருந்தார்கள். போட்டிகளுக்குப் போக முடியாது, செப்டெம்பரில் குரோய்டனில் ஒரேயொரு காட்சி, அதுவும் ஆட்கள் சேர்ந்தால்தான் என்றாயிற்று. உன் இடத்தில் நின்று ஷோவை நடத்த ஆரணி ஒத்துக்கொண்டாள். அவள் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? நீங்கள் பழகும் மைதானம் ஒரு பள்ளிக்கூடத்துடையதல்லவா, அந்தப் பள்ளியின் சின்னப் பாண்டை அப்படியே கூட்டிவந்து உள்ளே விட்டாள். கிளாரினெட்டுகளோடு! பித்தளையையும் ட்ரம்மையும் தவிர வேறு எதையும் நீ மிதிக்க விடாத புல்லில் கிளாரினெட், அக்கா!

கேள்விப்பட்ட அன்றே கோலியர்ஸ் வுட்டுக்கு ஓடினேன். ஆரணி குசினி மேசையில் உன் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தாள்.

"உதென்ன கண்டறியாத வேலை, பிள்ளை? அம்மா கீறினதில கை வைக்கிறியோ?"

"இருக்கிற ஆக்கள் காணாது சித்தி. காட்சி நடக்கோணுமெண்டா அந்தப் பிள்ளையள் வேணும். அதுகளுக்கு அம்மா கீறின மாதிரி ஓட ஏலாது."

"அப்ப நடக்காட்டிப் போகட்டும்! அரைகுறையா நடத்திறதிலும் பாக்க அது உதுக்குள்ளயே இருக்கட்டும்."

அவள் என்னைப் போல் கத்துகிற பிள்ளையில்லை. கோபம் வந்தால் உன்னைப் போலக் குரலைத் தாழ்த்துவாள். "அம்மா இருந்திருந்தா இதுக்குள்ள பத்துத் தரம் மாத்தியிருப்பா. கடைசிக் கிழமை வரைக்கும் மாத்திக்கொண்டு இருக்கிறவ. இது இப்பிடியே கிடந்தாத்தான் சித்தி, அம்மான்ர ஷோ இல்லை."

அப்படி மடக்கினால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். கைப்பையைத் தூக்கிக்கொண்டு, கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தேன். கோடை முழுக்க அந்தப் பக்கமே போகவில்லை. கூத்தைப் பார், அக்கா. ஆயுள் முழுக்கப் பள்ளிப் பாண்டுகளுக்காக உன்னோடு அடிபட்டவள் நான். உன் மகள் பள்ளிப் பாண்டைக் கூட்டிவந்தபோது உன் கோருக்குக் காவல் நின்றதும் நானேதான்.

காட்சிக்குப் போவதில்லை என்றே இருந்தேன். ஷிப்ட் இருக்கிறது என்று பொய்யும் சொன்னேன். அன்று மத்தியானம் அத்தான் வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். "ஏறும் வாசுகி. எனக்குத் தனியப் போயிருந்து பாக்க ஏலாது," என்றார். இத்தனை வருடத்தில் அந்த மனிதர் என்னிடம் ஒரு உதவி கேட்டு நான் கண்டதில்லை. வாயைப் பொத்திக்கொண்டு ஏறினேன்.

நான் எப்போதும் கீழ் வரிசையில்தான் இருப்பேன். பள்ளிப் பாண்ட் பார்க்க வரும் தாய் தகப்பன்மார் இருக்கிற இடம் அது. முகங்கள் தெரியும், எந்தப் பிள்ளை சிரிக்கிறது, எது அழப் போகிறது என்று பார்க்கலாம். அத்தான் விடவில்லை. நீ வழக்கமாக இருந்து பார்க்கிற மேல் வரிசைக்குத்தான் போக வேண்டும் என்று ஒவ்வொரு படியாக ஏறினார். நானும் முழங்காலைத் திட்டிக்கொண்டே பின்னால் போனேன்.

தொடங்கியதும் பித்தளைச் சத்தம் வந்து நெஞ்செலும்பில் இடித்தது. அது உன் கை, எனக்கு உடனே தெரிந்தது. பிறகு பள்ளிப் பிள்ளைகள் கிளாரினெட்டுகளோடு மைதானத்துக்குள் வந்தார்கள். அவர்கள் ஓடவில்லை. இரண்டு பேராக, மூன்று பேராக நடந்துவந்து, நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏலாத பிள்ளைகளை நிற்பாட்டி வைத்துச் சமாளிக்கிறாள், இது நான் எத்தனை வீடியோவில் பார்த்த தந்திரம் என்று நினைத்தேன். எனக்குள் எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் நாலு மூலையிலிருந்தும் வரிசைகள் புறப்பட்டன.

ஐயோ அக்கா! நீ கீறியதில் அவர்கள் வெறும் இடத்தை ஊடறுத்துப் போனார்கள். இப்போது அந்த இடம் நிறையப் பிள்ளைகள். நாலு வரிசையும் நீ எழுதிய அதே வேகத்தில், குழலை ஒரு அங்குலமும் இறக்காமல், அந்தப் பிள்ளைகளின் இடையால் பாய்ந்து வந்தன. நான் அத்தானின் கையைப் பிடித்து நெரித்தேன். முக்காடு போட்ட ஒரு சின்னப் பெண்பிள்ளைக்கு இரண்டு பக்கத்தாலும் ஆட்கள் ஓடினார்கள். ஓடினவர்களின் காற்றில் அவளுடைய முக்காடு பறந்தது. அவள் அசையவில்லை. ஒரு பிள்ளைகூட அசையவில்லை.

வரிசைகள் கடந்து போனதும் பித்தளை ஒரேயடியாக நின்றது. நடுவில் நின்ற பிள்ளைகள் மெல்ல வாசிக்கத் தொடங்கினார்கள். மெல்லிய சத்தம், கொஞ்சம் நடுங்கின சத்தம். எங்களுக்குக் கேட்குமோ என்று அந்த மைதானமே ஒருமுறை முன்னால் சாய்ந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போயிற்று. கையைத் தட்டவும் தோன்றவில்லை, அழவும் தோன்றவில்லை, திறந்த வாயை மூடாமலே இருந்தேன்.

அக்கா, உன் சந்தியில் ட்ராம்கள் இருந்தன. பயணிகள் இருக்கவில்லை.

ஓடுகிறவருக்குத்தான் பழக்கம் வேண்டும் என்று நாம் இரண்டு பேருமே நினைத்திருந்தோம். அசையாமல் நிற்பதற்குத்தான் அந்தப் பிள்ளைகள் கோடை முழுக்கப் பழகினார்களாம், முதல் கிழமைகளில் எல்லோரும் கத்திக்கொண்டு விலகி ஓடினார்களாம். உன் கோரில் இருந்தது போலவே அங்கே ஒளிக்க இடமில்லை. என் பள்ளிப் பாண்டில் போலவே வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் இடமிருந்தது. அப்படியானால் நாம் இத்தனை வருடமாக எதற்கு அடிபட்டோம்? உனக்கு இது பிடித்திருக்குமா? கிளாரினெட்டைக் கண்டதும் முகத்தைச் சுளித்திருப்பாய், அது நிச்சயம். அதற்குப் பிறகு?

முடிந்ததும் படியிறங்கிப் போனேன். ஆரணி மைதானக் கேற்றடியில் நின்றாள். "சித்தி, கோவமோ?" என்று கேட்டாள். எனக்கு, "இடப்பக்கத்து வரிசை கொஞ்சம் பிந்திச்சுது," என்றுதான் சொல்ல வந்தது.

"ஓம் சித்தி, கண்டனான்," என்று சொல்லிச் சிரித்தவள், அப்படியே என் தோளில் சாய்ந்து அழத் தொடங்கினாள். உன் செத்தவீட்டில்கூட அவள் அப்படி அழவில்லை.

"திரும்ப எப்ப போடுவியள்?" என்று கேட்டேன்.

"இனி இல்லை சித்தி. ஒரு கோடைக்கு ஒரு ஷோ. வாற வருஷம் புதுசு."

இது எனக்குத் தெரியாத விசயமா? நீ ஒவ்வொரு செப்டெம்பரிலும் பழைய ஷோவை மறந்துவிட்டு அடுத்ததைத் தொடங்கியதைக் கண்டவள்தானே நான். என்றாலும் அந்தக் கேற்றடியில் நின்று அதைக் கேட்டபோது நீ இரண்டாம் முறை போனது போல இருந்தது. 'சந்தி' முடிந்துவிட்டது, அக்கா. இனி ஒருவரும் அதை ஓடப்போவதில்லை. புதிய ஷோவைக் கீறத் தொடங்கிவிட்டாள் உன் மகள். இன்னும் எனக்குக் காட்டவில்லை.

உனக்குத் தந்த சத்தியம் உடைந்து போயிற்று. அதை நான் ஒட்டப் போவதில்லை. அதற்குப் பதிலாக இன்னொன்று தருகிறேன், இதை ஒருவரும் உடைக்க ஏலாது. ஆரணியின் ஷோவை மேல் வரிசையிலிருந்து பார்ப்பேன். அதில் உன்னைத் தேட மாட்டேன். அது சரியில்லாவிட்டால், தாயில்லாத பிள்ளை என்று பாவம் பார்த்து, வடிவாயிருக்கு என்று சொல்ல மாட்டேன். சரியில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லி, அவளோடு விடாமல் சண்டை பிடிப்பேன்.

உன் தங்கச்சி, ஆரணியின் சித்தி,
வாசுகி