கை மாத்துற மாதிரி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம், அவருடைய வலது தோளைத் தவிர. படகும் சௌக்கியம், அதன் அடிப்பக்கத்தைத் தவிர. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, வேலையிடத் தூசிக்குள் நிற்கும்போது மூக்கை மூடிக்கொண்டு, நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், நம்புவது என் வேலை, அப்படி இருப்பது உன் வேலை. இந்தக் கடிதம் மூன்று வாரத்துக்கு முன்பே உன் கையில் இருந்திருக்க வேண்டும். மூன்று தடவை ஆரம்பித்து மூன்று தடவையும் கிழித்தேன். முதல் தடவை உன்மேல் கோபமாக இருந்தேன். இரண்டாவது தடவை அந்தக் கோபமே தப்பு என்று தெரிந்துவிட்டது. மூன்றாவது தடவை என்ன எழுத உட்கார்ந்தேன் என்பதே குழம்பிவிட்டது. இப்போதும் தெளிந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் உனக்குக் கம்பளிக் காலுறை வைத்து அனுப்பும் பெட்டியை நாளைக்குக் கட்டியாக வேண்டும், அதற்குள் இதையும் செருகிவிடுகிறேன். போனில் கேட்டால் தீர்ந்தது என்பாய். நீ ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு எதிரே உட்காருகிறார், அவரை வைத்துக்கொண்டு இதை எப்படிக் கேட்பேன் சொல்.

அப்பாவின் தோளில் தையல் பிரித்தாகிவிட்டது, ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு வாளி தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இவர் அதை டாக்டரிடம் ஆகட்டும் ஆகட்டும் என்று கேட்டுவிட்டு வெளியே வந்ததும் "தண்ணிதானே தூக்கக் கூடாது, பலகை தூக்கலாம்" என்கிறார். கொட்டகையில் படகைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறது. உனக்குத் தெரியாதா, உன்னைவிட ஒரு வயது பெரியது என்பதால் இன்னும் "மூத்தவ, மூத்தவ" என்றுதான் சொல்கிறார், காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் மூத்தவளைத் தடவிப் பார்த்துவிட்டு வருகிறார். அடியில் பாறை உரசிய இடத்தில் ஃபைபர் உரிந்து என் முழங்கை நீளத்துக்கு விரிசல். பின்பக்கம் மோட்டார் மாட்டும் பலகை உள்ளே நனைந்து பஞ்சாகிவிட்டது, விரலால் அழுத்தினால் அமுங்குகிறது. அடுத்த மாதம் இருபதாம் தேதி சோதனை அதிகாரி வருகிறார். அன்றைக்குப் படகு தேறாவிட்டால் அக்கரைக்கு ஆள் ஏற்றும் அனுமதி இந்த வருடம் நமக்கு இல்லை. அதற்குப் பத்து நாள் முன்னாலேயே லீவு போட்டு வந்து நானே செய்கிறேன், மெஷின்களை மட்டும் வாங்கி வையுங்கள் என்று நீ சொன்னாய். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அப்பா இன்னும் ஆள் யாரையும் கூப்பிடாமல் இருக்கிறார்.

அப்புறம் உன் பட்டியலைப் படம் பிடித்து அனுப்பினாயே, அங்கே ஆரம்பித்தது குழப்பம். உரித்துத் தேய்க்க ஒரு கிரைண்டர், அதற்கு ஸ்விட்ச் அடிவயிற்றில் இருக்க வேண்டும். உப்புத்தாள் மாட்டி மழமழப்பாக்க ஒரு சாண்டர். ஒரு டிரில்லிங் மெஷின். பாலிஷ் மெஷின் ஒன்று, வேகம் குறைக்கிற வசதியோடு. எல்லாவற்றுக்கும் ஒரே பேட்டரி பொருந்த வேண்டும், ஈரத்தில் வயர் இழுத்துக்கொண்டு நிற்காதே. இதெல்லாம் சரி. கடைசியில் இரண்டு கோடு போட்டு "எல்லாமே கை மாத்துற மாதிரி பார்த்து வாங்கும்மா, இதுதான் முக்கியம்" என்று எழுதியிருந்தாய். அப்பா கண்ணாடியைப் போட்டுப் படித்தார், கழற்றிவிட்டுப் படித்தார். "கை மாத்தி விடுறதுக்கா வாங்கச் சொல்றா? வேலை முடிஞ்சதும் வித்துடலாம்ங்கிறாளா? மெஷினை மட்டுமா, மூத்தவளையும் சேர்த்தா?" என்று கேட்டார். எனக்கும் அப்படித்தான் பட்டது. கை மாற்றுவது என்றால் ஒருத்தர் கையிலிருந்து இன்னொருத்தர் கைக்குத் தள்ளிவிடுவதுதானே, வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும். படகையே விற்கிற யோசனையில் இருக்கிறாள், அதை நேராகச் சொல்ல முடியாமல் சாமான் பட்டியலில் ஒளித்து வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. கொட்டகையில் கவிழ்ந்த படகுக்குப் பக்கத்தில் பெயின்ட் டப்பாவைக் குப்புறப் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த இரண்டு நாளில்தான் முதல் கடிதத்தை எழுதினேன். நல்லவேளை கிழித்தேன்.

வண்டிப் பட்டறை அண்ணனிடம் யோசனை கேட்டது அடுத்த தப்பு. அவர் "பேட்டரி மெஷினெல்லாம் விளையாட்டுச் சாமான் தங்கச்சி, வயர் போட்டதுதான் வேலைக்கு ஆகும், நீங்க வேணா பாருங்க" என்றார். பிறகு கை மாற்றுவதற்குத்தான் என்றதும் "அப்படின்னா பேர்போன கம்பெனியா வாங்கு, மேல கீறல் விழாம உறையிலேயே வச்சிரு" என்று சொல்லிவிட்டார். வேலையே செய்யாமல் உறையில் வைத்திருப்பதற்கு எதற்கு வாங்குவது என்று எனக்குத் தலை சுற்றியது. கடைக்குப் போனால் அங்கே இன்னும் மோசம். சுவர் முழுக்க மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு என்று துப்பாக்கிக் கடை மாதிரி மாட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு கம்பெனிக்காரன் பதினெட்டு வோல்ட் என்று போட்டிருக்கிறான், இன்னொருத்தன் இருபது வோல்ட் என்று போட்டிருக்கிறான், எது பலம் அதிகம் என்று கேட்டால் கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதாங்க, சார்ஜ் ஏத்துன உடனே பார்த்தா இருபது, வேலை செய்யும்போது பார்த்தா பதினெட்டு" என்கிறார். நான் புள்ளியியல் படித்தவள், உன்னை மடியில் போட்டுக்கொண்டு மூன்றாம் வருடப் பரீட்சைக்குப் படித்தவள், பதினெட்டும் இருபதும் ஒன்று என்று எழுதியிருந்தால் எனக்கு முட்டை போட்டிருப்பார்கள். சாண்டரைக் காட்டி இது ரேண்டமாகச் சுற்றும் என்றார். நான் மூன்று வருடமும் ரேண்டத்தோடுதான் மல்லுக்கட்டினேன், அப்படி ஒரு மெஷினைக் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று ஒரு பேராசிரியரும் சொல்லவில்லை. "ஒரே வட்டமா சுத்துனா கோடு கோடா விழும்மா. அடுத்து எங்க போவோம்னு அதுக்கே தெரியக் கூடாது, அப்பத்தான் மழமழன்னு வரும்" என்று விளக்கினார். அப்பா என்னைக் கைகாட்டி "அப்ப மெஷின் எதுக்கு, இவளையே விட்டுத் தேய்க்கலாம்" என்றார். இரண்டு நாள் கழித்து அவர் வாயிலிருந்து வந்த முதல் கிண்டல் என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

கடைசியில் பட்டியலைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டேன், எது நல்ல விலைக்குக் கை மாறும் என்று நீங்களே எடுத்துக் கொடுங்கள் என்று. அவர் படித்தார். ஸ்விட்ச் அடியில் என்ற வரியை ஒரு தடவை, கடைசி வரியை ஒரு தடவை. பிறகு சிரித்துக்கொண்டே "இது விக்கிறதுக்கு எழுதினது இல்லீங்க. உங்க வீட்டுல யாருக்குப் பீச்சாங்கைப் பழக்கம்?" என்று கேட்டார். கிரைண்டரை எடுத்து, பக்கத்தில் துருத்திக்கொண்டிருக்கும் கைப்பிடியைத் திருகிக் கழற்றி எதிர்ப்பக்கம் மாட்டிக் காட்டினார். சாதாரண மெஷினில் ஸ்விட்ச் பக்கவாட்டில், வலது கைக் கட்டைவிரலுக்குத் தோதாக இருக்குமாம், இடது கைக்காரர் அவசரத்துக்கு அணைக்கத் துழாவ வேண்டியிருக்குமாம், அதனால்தான் அடியில் அழுத்துகிற ஸ்விட்ச், விட்டால் தானாக நின்றுவிடும். கைப்பிடியை மட்டும் மாற்றினால் போதாது, சக்கரத்தை மூடியிருக்கும் காப்புத் தகட்டையும் கூடவே திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் தூசி மொத்தமும் முகத்துக்கு வரும். "எந்தக் கைக்கும் மாத்திக்கிற மாதிரின்னு எழுதியிருக்காங்க. விவரமான ஆளுங்க" என்றார். அப்பாவுக்கு வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே, தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், "கை மாத்துறது, கை மாத்துறது" என்று கடையில் இருந்தவர்களிடமெல்லாம் சொன்னார். மூத்தவளை நீ விற்கவில்லை, அது போதும் அவருக்கு.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் சிரிப்பு நின்றது. மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு அவர் "எனக்குச் சோத்துக்கை" என்றார். கொஞ்ச தூரம் போனபின் "அவளுக்கும் சோத்துக்கைதான்" என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மாடி, எனக்கு இடது கை என்று வெளியே யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் விரலில் அடித்து மாற்றியதால் எழுதுவது வலது கையில், சாப்பிடுவது வலது கையில், நாலு பேர் பார்க்கிற எதுவும் வலது கையில். வேலை என்று வந்தால் தானாக இடது கை முன்னால் போகும். உன் அப்பாவே கல்யாணமாகி ஆறு மாதம் கழித்து நான் ஆணி அடித்ததைப் பார்த்துத்தான் "அடி பீச்சாங்கை" என்றார். நீ அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. ஆனால் போன வருடம் நாம் இரண்டு பேரும் படகுக்கு வார்னிஷ் அடித்தபோது டப்பாவை ஒவ்வொரு தடவையும் என் இடது பக்கத்தில் நகர்த்தி வைத்தாய், அது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. அப்படியானால் இந்தப் பட்டியல் உனக்காக எழுதியது இல்லை, எனக்காக எழுதியது. இங்கேதான் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நீ வரப்போவதில்லை, லீவு கிடைக்கவில்லை, அம்மாவே செய்யட்டும் என்று முடிவு செய்துவிட்டுச் சொல்லத் தயங்குகிறாயா. இல்லை வந்து என்னையும் கூட நிறுத்திச் செய்யலாம் என்று நினைத்தாயா. இல்லை எதற்கும் இருக்கட்டும் என்று எழுதினாயா. சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியாமல் டியூஷன் பிள்ளைகளுக்கு ஒரே கணக்கை இரண்டு தடவை போட்டு இரண்டு விடை சொல்லிவிட்டேன்.

சும்மா இருக்க முடியவில்லை, ஆரம்பித்துவிட்டேன். பயப்படாதே, படகில் இல்லை, முதலில் பழைய பலகையில். கண்ணாடி, முகமூடி, முழுக்கைச் சட்டை எல்லாம் போட்டுக்கொண்டுதான். கிரைண்டரைப் போட்டதும் கோழியைப் பிடித்த மாதிரி கையில் திமிறியது, உடனே விட்டேன், நீ சொன்ன ஸ்விட்ச் அந்த நிமிடமே அணைந்தது, மனதுக்குள் உனக்கு ஒரு முத்தம் கொடுத்தேன். அப்பா பெயின்ட் டப்பாமேல் உட்கார்ந்து "அமுக்காதே, அமுக்காதே, அது தன் எடைக்கே தேய்க்கும், இட்ட வேலையைச் செய்ய அதுக்குத் தெரியும், உனக்குத்தான் தெரியலை" என்று கத்திக்கொண்டே இருக்கிறார். நான்கு நாளில் பலகை முடிந்து, நேற்று விரிசலைச் சுற்றி உரித்தேன். ஓரத்தைச் சரிவாகத் தேய்த்துக்கொண்டு போக வேண்டும் என்றார், கொண்டுபோனேன். அவர் வந்து இடது கையால் தடவிப் பார்த்தார். வலது கையால் முடியாதல்லவா. நல்லாயிருக்கு என்று சொல்லவில்லை, திட்டவும் இல்லை. பாலிஷ் மெஷினை மட்டும் நான் வாங்கவில்லை. கடைக்காரர் மூன்று எடுத்து வைத்தார், ஒன்று வேகம் குறையும் ஆனால் கனம், ஒன்று லேசு ஆனால் மேல்பூச்சைப் பொசுக்கிவிடுமாம், மூன்றாவதை நம் பேட்டரி ஏற்காது. பாலிஷ் கடைசி வேலைதானே, அப்புறம் பார்க்கலாம் என்று வந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், உனக்கென்று ஒரு வேலை மிச்சம் இருக்கட்டும் என்று தோன்றியது.

வராவிட்டால் கோபப்பட மாட்டேன். வேலையை விட்டுவிட்டு அலறியடித்துக்கொண்டு ஓடி வராதே. ஆனால் எது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும், இருபதாம் தேதி எனக்காகக் காத்திருக்காது, மோட்டார் பலகை மாற்றுகிற வேலையை நான் தொடுவதா உனக்கு விடுவதா என்று முடிவு செய்ய வேண்டும், அப்பாவையும் மெதுவாகத் தயார்படுத்த வேண்டும். அதனால் இப்படிச் செய். இது உன் கைக்கு வந்த மறு ஞாயிற்றுக்கிழமை போனில் மெஷினைப் பற்றித்தான் பேசுவோம். கிரைண்டர் கைப்பிடி இப்போது என் பக்கம் மாட்டியிருக்கிறது. நீ வரவில்லை என்றால் "அது அப்படியே இருக்கட்டும்மா" என்று சொல், நான் புரிந்துகொண்டு, எந்த பாலிஷ் மெஷின் என்று அடுத்த கேள்வி கேட்கிறேன். அப்பாவுக்குப் புரியாது என்று நினைக்கிறேன், புரிந்தாலும் புரியாத மாதிரி மேசையைத் துடைப்பார்.

காலுறையை வேலைக்குப் போடாதே, படுக்கும்போது போடு. முகமூடியின் வடிகட்டியை மாற்றினாயா இல்லையா என்று உண்மையாகச் சொல். உன் இரண்டு கைக்கும் எந்தக் குறையும் வராமல், எடுத்த காரியம் உன் பிடியில் நின்று, நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். வருகிறாய் என்றால் ஒன்றும் சுற்றி வளைக்காதே, கைப்பிடியை மாத்தி வைம்மா என்று மட்டும் சொல், போனை வைப்பதற்குள் ஓடிப்போய்த் திருகிவிடுகிறேன், காப்புத் தகட்டையும் சேர்த்துத்தான்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா