எண்ணெய் கொடுக்கல்லே

அனுப்புகிறவர்:
அ. பிச்சுமணி ஐயர்,
கல்லிடைக்குறிச்சி அப்பளக் கடை,
பழவங்காடி, திருவனந்தபுரம்.

பெறுகிறவர்:
ம.ரா.ரா.ஸ்ரீ விசாரணை அதிகாரி அவர்கள்,
ஜீவரக்ஷா மிருக வைத்தியசாலை,
தம்பானூர், திருவனந்தபுரம்.

விஷயம்: எலி மருந்து தின்று என் நாய் இறந்தது சம்பந்தமாக, கம்பவுண்டர் நீலகண்ட பிள்ளை மேல் 1-11-1935 தேதியில் நான் கொடுத்த புகார் தப்பானது என்றும், தப்பு என்னுடையது என்றும் ஒப்புக்கொண்டு, வெள்ளிக்கிழமை விசாரணைக்கு முன் அதைத் தள்ளிவிடும்படி கோருவது.

கனம் பொருந்திய ஐயா,

1. இந்த மனுவைத் தாங்கள் வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு முன் படித்தாக வேண்டும். அதற்குப் பிறகு படித்தால் பிரயோஜனமில்லை. அன்று நடக்கவிருக்கும் விசாரணையில் நீலகண்ட பிள்ளை குற்றவாளி என்று ஏற்பட்டால் அவருக்கு வேலை போகும். இனி எந்த வைத்தியசாலையிலும் கம்பவுண்டராக இருக்க முடியாது என்று கேள்விப்படுகிறேன். அவர் குற்றவாளி இல்லை. அதை நானே, புகார் கொடுத்த நானே, எழுதுகிறேன்.

2. என் முதல் புகாரில் கோபம்தான் அதிகம், விவரம் கொஞ்சம். நான் முன்கோபி, கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இப்போது நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

3. நான் திருநெல்வேலி ஜில்லா கல்லிடைக்குறிச்சியைச் சேர்ந்தவன். இவ்வூருக்கு வந்து எட்டு மாதமாகிறது. எனக்கும் என் சம்சாரம் வாலாம்பாளுக்கும் குழந்தைகள் இல்லை. சிப்பாய் என்று ஒரு நாய் இருந்தது. ரயிலில் அதற்கும் டிக்கெட் வாங்கி, நாய்ப் பெட்டியில் ஏற்றி, செங்கோட்டை முதல் கொல்லம் வரைக்கும் அது ஊளையிட்டதைக் கேட்டுக்கொண்டே வந்தோம். கடையின் பின்கட்டில் உளுந்து மாவு மூட்டைகள் கிடக்கின்றன. சிப்பாய் அங்கேதான் படுக்கும். அப்பளம் இடும் பெண்கள் வேலை முடிந்து எழும்போது ஆளுக்கு ஒரு உருண்டை மாவை அதன் முன் போடுவார்கள். தினமும் நடக்கிற காரியம் இது.

4. ஐப்பசி மழையில் எலிகள் பின்கட்டுக்குள் ஏறிவிட்டன. ஒரு மூட்டை மிச்சமில்லாமல் ஓட்டை போட்டன. சாலைக் கடையில் ஒரு தகர டப்பா எலி மருந்து வாங்கினேன். மேலே எல்லாம் இங்கிலீஷ். நான் படித்தது எலிப் படத்தை மட்டும். பசை மாதிரி இருந்த அந்த மருந்தை எதில் வைப்பது என்று யோசித்து, கையருகே இருந்த அப்பள மாவிலேயே உருண்டை பிடித்து, உள்ளே வைத்து, மூட்டைகளுக்கு இடையில் போட்டேன். நாய் தினம் தின்கிற அதே மாவு, அதே அளவு உருண்டை. என் புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது. முதல் புகாரில் இந்த விஷயத்தை நான் எழுதவே இல்லை. "எப்படியோ நாய் விஷம் தின்றுவிட்டது" என்று எழுதியிருந்தேன். எப்படியோ இல்லை ஐயா, என் கையால்.

5. அக்டோபர் 28ஆம் தேதி திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாலாம்பாள் அலறினாள். சிப்பாய் வாயில் நுரை தள்ளிக்கொண்டு மூட்டைகளுக்கு நடுவே சுருண்டு கிடந்தது. வாந்தியில் பூண்டு நாற்றம். பின்கட்டு எப்போதும் இருட்டு. அந்த இருட்டில் அதன் மீசையில் ஒட்டியிருந்த பசை புகைகிற மாதிரி மினுக்கியது. தூக்கப் போனேன், கடிக்க வந்தது. என்னை ஒரு நாளும் கடிக்காத நாய். பக்கத்துக் காப்பி கிளப் சேஷனைக் கூப்பிட்டுக்கொண்டு தங்கள் வைத்தியசாலைக்கு ஓடினேன். சேஷனும் எங்கள் பக்கத்துக்காரன்தான், என்னைவிட இரண்டு மாதம் பிந்தி வந்தவன். மருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

6. டாக்டர் கிராமத்துக்கு மாடு பார்க்கப் போயிருந்தார். நீலகண்ட பிள்ளை மட்டும் இருந்தார். பூண்டு நாற்றம் என்றும் மினுக்கம் என்றும் நான் சொன்ன மாத்திரத்தில் அவருக்கு விஷம் இன்னதென்று புரிந்துவிட்டது. மூச்சு விடுவதற்குள் ஒரு நீல மருந்துநீரைக் கலந்து குப்பியில் ஊற்றிக் கொடுத்தார். ஒரு நிமிஷம்கூட வீணாக்கவில்லை. இதையும் நான் முன்பு எழுதவில்லை. குப்பியை என் கையில் வைத்து அவர் சொன்ன வார்த்தைகள் இவை: "இது கொடுக்கணம். எண்ண கொடுக்கல்லே."

7. ஐயா, இனி வருவதைத் தயவுசெய்து நிதானமாகப் படிக்க வேண்டும். இதில்தான் ஒரு மனிதரின் பிழைப்பு இருக்கிறது. அவர் சொன்னது மலையாளம், எண்ணெய் கொடுக்காதே என்று. நான் கேட்டது தமிழ். எங்கள் பேச்சில் "எண்ணெ கொடுக்கலே?" என்றால், எண்ணெய் இன்னும் கொடுக்கவில்லையா என்று அர்த்தம். இத்தனை நேரம் எண்ணெய் கொடுக்காமலா இருந்தீர் என்று அவர் கேட்பதாக எடுத்துக்கொண்டேன். "இல்லே, இல்லே" என்றேன், இன்னும் கொடுக்கவில்லை என்ற அர்த்தத்தில். கொடுக்க மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுப்பதாக அவர் எடுத்துக்கொண்டார். "ஆ, சரி" என்று தலையாட்டினார். இருவரும் திருப்தியாகப் பிரிந்தோம்.

8. நாங்கள் தெருவில் இறங்கி ஓடும்போது அவர் படிக்கட்டு வரைக்கும் வந்து மறுபடியும் கூவினார்: "மறக்கல்லே! எண்ண கொடுக்கல்லே!" மறந்துவிடாதே என்கிறார் மனிதர். நான் கையைத் தூக்கி, "மறக்கலே ஓய், மறக்கலே!" என்று பதில் கூவிவிட்டு ஓடினேன். இத்தனை தடவை சொல்கிறாரே, எண்ணெய்தான் முக்கியம் போலிருக்கிறது என்று சேஷன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். எனக்கும் அப்படித்தான் பட்டது.

9. அப்பளக் கடையில் நல்லெண்ணெய்க்குப் பஞ்சமில்லை. வாலாம்பாள் அப்பளக் குழவியைக் குறுக்கே கொடுத்து நாயின் வாயைத் திறந்து பிடித்தாள். முதலில் நீல மருந்து ஊற்றினோம். பிறகு அரை உழக்கு எண்ணெய். அவர் இரண்டாம் முறை கூவியது நினைவுக்கு வந்து, இன்னும் ஒரு உழக்கு ஊற்றினேன். நாய் திமிறியது. நான் அதன் கழுத்தைப் பிடித்து அமுக்கிக்கொண்டு, நல்லதுக்குத்தான், நல்லதுக்குத்தான் என்று சொல்லிக்கொண்டே ஊற்றினேன்.

10. செவ்வாயும் புதனும் அது எழுந்து நின்றது. தண்ணீர் குடித்தது, வாலை ஆட்டியது. நான் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். வியாழக்கிழமை கண் மஞ்சளாகி, வாந்தியில் ரத்தம் வந்தது. தங்கள் டாக்டர் நேரில் வந்து பார்த்துவிட்டு, என்ன கொடுத்தீர் என்று கேட்டார். எண்ணெய் என்றேன். தலையில் அடித்துக்கொண்டார். அந்த விஷம் எண்ணெயில் கரைந்து உடம்பெங்கும் ஏறுமாம். எண்ணெய், நெய், பால் ஒன்றும் கூடாதாம். யார் சொல்லிக் கொடுத்தீர் என்று கேட்டார். தங்கள் கம்பவுண்டர் என்றேன். மத்தியானம் சிப்பாய் போய்விட்டது. நாயைத் தொட்டால் தலைக்குக் குளிக்கிறவள் வாலாம்பாள். அன்று அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்கவே மாட்டேன் என்றுவிட்டாள். அவளை அப்படிப் பார்த்த கண்ணோடு, மறுநாள் காலையில் உட்கார்ந்து அந்தப் புகாரை எழுதினேன்.

11. எண்ணெய் கொடுக்கக் கூடாதென்றே தாம் சொன்னதாக நீலகண்ட பிள்ளை பதில் எழுதிக் கொடுத்தார். அதைப் படித்துக் காட்டியபோது, பச்சைப் பொய் என்று ஆபீசில் நின்று கத்தினேன். சேஷனும் நானும் காதால் கேட்ட சாட்சிகள் என்று கையெழுத்துப் போட்டோம். இரண்டு சாட்சிக்கு எதிராக ஒருவர் பேச்சு எடுபடவில்லை. அவரைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தார்கள்.

12. முந்தாநாள் திங்கட்கிழமை என் கடைக்கு வழக்கமாக வருகிற அம்மிணியம்மை என்ற மலையாளத்து ஸ்திரீ அப்பளம் வாங்க வந்தார். அவர்கள் பாஷையில் பப்படம். நான் கட்டிக்கொண்டிருக்கும்போது, "சாமி, பப்படம் பொடிக்கல்லே" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பொடிக்கலே அம்மா! முழுசாத்தான் இருக்கு, வேணும்னா எண்ணிப் பாரும்!" என்றேன். அந்த அம்மாள் சிரித்துவிட்டு, "ஐயோ சாமி, பொடிச்செந்நு ஞான் பறஞ்ஞோ? பொடிக்கருதெந்நல்லே பறஞ்ஞது" என்றார். உடைத்துவிட்டாய் என்று சொல்லவில்லை, உடைக்காதே என்றுதான் சொன்னாராம்.

13. என் கையிலிருந்த கட்டு கீழே விழுந்தது. உள்ளே இருந்த அத்தனை அப்பளமும் பொடிந்தது. அம்மிணியம்மையை உட்காரச் சொல்லி, "எண்ண கொடுக்கல்லே" என்றால் என்ன என்று கேட்டேன். எண்ணெய் கொடுக்காதே என்று அர்த்தம், இதிலென்ன சந்தேகம் என்றார். மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் அதையே சொன்னார். இந்த சாமிக்கு என்ன ஆயிற்று என்று பயந்து பார்த்தார். தமிழில் ஒரு லகரம், மலையாளத்தில் இரண்டு லகரம். எட்டு மாதமாக இவ்வூரில் வியாபாரம் செய்கிறேன், காது மட்டும் கல்லிடைக்குறிச்சியிலேயே இருந்திருக்கிறது.

14. சேஷனிடம் போய்ச் சொன்னேன். அவன் சாட்சியத்தை வாபஸ் வாங்க மறுக்கிறான். "என் காதிலே விழுந்ததைத்தான் ஓய் சொன்னேன். இன்னிக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணுன்னு மாத்த நான் ஆளில்லே" என்கிறான். வெள்ளிக்கிழமை தங்கள் முன்னிலும் அப்படியே சொல்வான். அவன் பொய் சொல்லவில்லை என்று நானே உத்தரவாதம் தருகிறேன். நீலகண்ட பிள்ளையும் பொய் சொல்லவில்லை. இது எப்படி என்று தாங்கள் குழம்பக்கூடாது என்பதற்காகவே இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

15. ஆனால் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். என் புகாரின் கடைசி வரியில், கம்பவுண்டர் வாயில் சாராய வாசனை வந்தது என்று எழுதினேன். அவர் மேஜையில் ஸ்பிரிட் குப்பி திறந்திருந்தது. வாசனை அதிலிருந்து வந்தது. அது எனக்கு அன்றைக்கே தெரியும். என் பேச்சுக்குக் கனம் வேண்டுமென்று சேர்த்து எழுதினேன். எண்ணெய் விஷயத்தில் பாஷை என்னை ஏமாற்றியது என்று சொல்லிக்கொள்ளலாம். இதில் பாஷை மேல் பழி போட இடமில்லை. இது என் அயோக்கியத்தனம். வைத்தியசாலைக் கமிட்டியார் அதிகமாகக் கோபப்பட்டது இந்த வரியைப் பார்த்துத்தான் என்று அறிகிறேன்.

16. நேற்று காலை நீலகண்ட பிள்ளையைப் பார்க்கப் போனேன். வைத்தியசாலைக்குப் பின்னால் அவர் குடியிருக்கும் வீட்டைச் சனிக்கிழமைக்குள் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அவர் மனைவி பாத்திரங்களைப் பாயில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள்; என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே போய்விட்டாள். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒன்றுதான் கேட்டார்: "எத்ர எண்ண கொடுத்து?" எவ்வளவு கொடுத்தேன் என்று. ஒன்றரை உழக்கு என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "ஞான் தமிழில் பறயேண்டதாயிருந்நு" என்றார். தாம் தமிழில் சொல்லியிருக்க வேண்டும் என்கிறார். ஐயா, இதை அவருடைய ஒப்புதல் வாக்குமூலமாகத் தாங்கள் எடுத்துக்கொள்ளக்கூடாது. மலையாள தேசத்தில் பிழைக்க வந்தவன் நான். மலையாளம் தெரிந்துகொள்ள வேண்டியவனும் நான்தான்.

17. இன்னொரு விஷயமும் நேரில் பார்த்தேன். என் புகாருக்குப் பிறகு வைத்தியசாலையில் புதிதாக இருக்கிற கம்பவுண்டர் ஜன்னல் வழியாகக் குப்பியை நீட்டுவதோடு சரி, வாயைத் திறப்பதில்லை. எப்படிக் கொடுப்பது என்று ஒரு வண்டிக்காரர் கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருந்தார். பேசினால் புகார் வரும் என்று அந்தப் புதியவருக்குப் பயம். நீலகண்ட பிள்ளை படிக்கட்டு வரைக்கும் ஓடி வந்து சொன்னவர். அப்படிப்பட்டவரைத்தான் நான் துரத்தியிருக்கிறேன்.

18. ஆகையால் தாங்கள் தயவுகூர்ந்து, நீலகண்ட பிள்ளையைக் குற்றமற்றவர் என்று தீர்த்து, பழைய வேலையில் அமர்த்தி, வீட்டை அவரிடமே விட வேண்டும். பொய் எழுதியதற்காக என் மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் கட்டுப்படுகிறேன். வெள்ளிக்கிழமை சேஷனுக்கு முன்பாக என்னைக் கூப்பிட வேண்டும். மேலும், வைத்தியசாலை வாசலில் மலையாளத்திலும் தமிழிலும் ஒரு பலகை வைக்க உத்தரவிட வேண்டும்: நாய் எலி மருந்து தின்றால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் வரவும், மருந்து டப்பாவைக் கையோடு கொண்டுவரவும், எண்ணெய், நெய், பால் என்று வீட்டிலிருப்பதைத் தாமாகக் கொடுக்க வேண்டாம், சொன்னது புரியாவிட்டால் வெட்கப்படாமல் மறுபடி கேட்கவும். கடைசி வரியை மட்டும் பெரிய எழுத்தில் எழுதச் சொல்ல வேண்டும்.

19. நான் கொடுத்த எண்ணெயைத் திரும்ப எடுக்க முடியவில்லை ஐயா. கொடுத்த புகாரையாவது திரும்ப எடுத்துக்கொள்ள அனுமதி தர வேண்டுகிறேன்.

திருவனந்தபுரம்,
20-11-1935, புதன்கிழமை.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) அ. பிச்சுமணி ஐயர்