குறுக்கே பேசாத ஜிபிஎஸ்

போன் எடுக்காத பிள்ளையைப் பெற்ற என் அன்பு அப்பாவுக்கு,

உங்களை அடக்கம் செய்து நாற்பது நாள் ஆகிறது. தம்பி அருள் இன்னும் என்னோடு பேசுவதில்லை. பேசவும் வேண்டாம். அப்பாவின் பெட்டியை மூடும்போது பக்கத்தில் இல்லாத மூத்த மகனோடு அவனுக்கு என்ன பேச்சு?

பழியை ஜிபிஎஸ் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள் என்கிறாள் என் மனைவி. போட்டிருப்பேன். ஆனால் அதைத் தேடிப் போய் வாங்கியவன் நான்தானே?

ஜொகூர் பாருவில் கார் சாமான் விற்கும் கடை அது. கடைக்காரர் மூன்று கருவிகளை மேசையில் எடுத்து வைத்தார். "அண்ணே, கையில போன் இருக்கே, அதுலயே மேப் வரும். தனியா எதுக்கு லா?" என்று கேட்டார். விற்கிறவரே வேண்டாம் என்றார், பாருங்கள். "செம்பனைத் தோட்டத்துக்குள்ள போனா போன் லைன் போயிடுதுங்க," என்றேன். பாதிப் பொய். உண்மையான காரணம் நீங்கள்.

போனில் மேப் போட்டு ஓட்டினால் நடுவில் உங்கள் அழைப்பு வந்துவிடும். "எங்கடா இருக்க? கூலாய் தாண்டிட்டியா? சிம்பாங் ரெங்கம் டோல்ல இறங்கு. மெதுவா வா." ஐந்து நிமிடத்தில் மறுபடியும் அதே. தோட்டத்து லாரியை முப்பது வருடம் ஓட்டியது போதாதென்று, வீட்டில் உட்கார்ந்தபடி என் காரையும் ஓட்டப் பார்த்தீர்கள்.

தனிக் கருவி இருந்தால் போனின் சத்தத்தை அடக்கிப் பைக்குள் போட்டுவிடலாம். அதற்காகத்தான் வாங்கினேன். அந்த மூன்றில் எதிலும் தமிழ்க் குரல் இல்லை என்று கடைக்காரர் வருத்தப்பட்டார். எனக்கு அதுவே பிடித்திருந்தது. ஆங்கிலம் பேசும் ஒரு பெண் குரலைத் தேர்ந்தெடுத்தேன். அது திட்டாது. சாப்பிட்டாயா என்றும் கேட்காது.

அன்று காலை நீங்கள் போன செய்தி வந்தபோது சிங்கப்பூரில் வேலையில் இருந்தேன். மறுநாள் பாதிரியாரால் வர முடியாதாம், மாலை நான்கு மணிக்கே அடக்கம் என்றார்கள். பாலத்து நெரிசலைக் கடந்து ஜொகூர் பாருவுக்கு வந்து, அங்கே நிறுத்தியிருந்த காரை எடுக்கும்போதே மணி இரண்டரை. ஜிபிஎஸ் நம் தோட்டத்தின் பின்பக்கச் சாலையைக் காட்டியது. முன்பும் அந்த வழியில் வந்திருக்கிறேன், சந்தேகமே வரவில்லை. சாலையின் குறுக்கே ஆள் உயரத்துக்குப் பள்ளம் வெட்டியிருந்தார்கள். திரும்பி, செம்பனை வரிசைகளுக்குள் வழி தவறி, முன்வாசலுக்கு வந்து சேர்வதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது.

போன் வழக்கம்போல் பைக்குள் ஊமையாகக் கிடந்தது. யாருடைய அழைப்புக்குப் பயந்து அன்றும் அப்படிப் போட்டு வைத்தேன்? அழைக்கிறவர்தான் பெட்டிக்குள் இருந்தாரே.

அருள் பதினோரு தடவை கூப்பிட்டிருக்கிறான். எனக்காகப் பெட்டியை அரை மணி நேரம் மூடாமல் வைத்திருந்தார்களாம். நான் ஓடி வந்தபோது மண் தள்ளி முடித்திருந்தார்கள்.

"வந்துட்டீங்களாண்ணே? உங்க மெஷினு நல்லா வழி சொல்லுச்சா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டான். அதற்குப் பதில் அவன் என் கன்னத்தில் இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாத சங்கதியா? எனக்குத்தான் ஒன்று தெரியாமல் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை அம்மா சொன்னார்.

"அப்பா போறதுக்கு முந்தின வாரம் உனக்குப் போன் போட்டுக்கிட்டே இருந்தாருய்யா. பழம் திருடுற லாரிங்க வருதுன்னு பின்பக்க ரோட்ட வெட்டிட்டாங்க, புள்ள தெரியாம அந்தப் பக்கமா வந்து மாட்டிக்குவான், சொல்லணும்னாரு. நீ எடுக்கவே இல்ல."

நான்கு அழைப்புகள். இன்னும் என் போனில் இருக்கின்றன. ஒரு செய்தியாவது அனுப்பியிருக்கக் கூடாதா அப்பா என்று உங்கள் மேல்தான் முதலில் கோபம் வந்தது. போனில் எழுதி அனுப்பக் கற்றுக்கொடு என்று நீங்கள் கேட்டதும், அப்புறம் பார்க்கலாம் என்று நான் சொன்னதும் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாளே வந்துவிடுவேன். அம்மா எப்போது அழைத்தாலும் வண்டியை ஓரமாக நிறுத்தி எடுப்பேன். இது சத்தியம். அதனால் உங்கள் நான்கு அழைப்புகளையும் எடுத்ததாக ஆகிவிடும் என்று ஒருநாளும் நினைக்க மாட்டேன். அதுவும் சத்தியம்.

கடைசியாக உங்கள் முகம் பார்க்காத,
உங்கள் மூத்த மகன்
அந்தோணி